17 பேர் இருந்தும் ஆள் போதவில்லையா? முழு நேர, பகுதி நேர ஊழியர்களைச் சேர்த்து ஆள் பலம் கணக்கிடும் முறை

கேள்வியின் சுருக்கம்: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஜவுளிக் கடையின் மேலாளர் கேட்டிருக்கிறார். கடை வாரத்தில் ஏழு நாளும் காலை 10 முதல் இரவு 9 வரை திறந்திருக்கிறது. முழு நேர ஊழியர்கள் 8 பேர். ஆளுக்கு வாரம் ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். பகுதி நேரத்தில் 9 பேர்: மாலையில் ஐந்து மணி நேரம் வீதம் ஐந்து நாள் வருபவர்கள் 4 பேர், சனி ஞாயிறு மட்டும் ஏழு மணி நேரம் வீதம் வருபவர்கள் 3 பேர், வாரத்துக்கு 12 மணி நேரம் வந்து உதவுபவர்கள் 2 பேர். வெள்ளி மாலையிலும் சனி ஞாயிறிலும் கல்லா முன் வரிசை குறைவதில்லை. “17 பேர் வைத்துக்கொண்டு இன்னும் ஆள் கேட்கிறாயே” என்கிறார் முதலாளி. இரண்டு பகுதி நேர ஊழியர்களை ஒரு முழு நேர ஊழியராக எண்ணலாமா? அடுத்து எடுப்பது முழு நேரமா, பகுதி நேரமா?

பதில்:

உங்கள் முதலாளி சொல்லும் 17 பொய்யான எண் அல்ல. சேமநிதிப் படிவத்துக்கும் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாவுக்கும் சீருடைக்கும் தீபாவளி இனிப்புப் பெட்டிக்கும் அதுதான் சரியான எண். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புடவைப் பகுதியில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று மட்டும் அது சொல்லாது. தலைகளை எண்ணுவதில் இந்தக் குறை எப்போதும் உண்டு. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் தொழிலாளர் ஆய்வைப் பாருங்கள்: ஆய்வு வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்தவரும் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுகிறார். அதனால்தான் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை கிடைத்து, இன்னும் செய்யத் தயாராக இருப்பவர்களை அவர்கள் தனியாக எண்ணுகிறார்கள். நாட்டுக்கே தலைக்கணக்கு போதவில்லை என்றால் கடைக்கு எப்படிப் போதும்?

முதலில் எளிதான பகுதி. பகுதி நேரத்தினரின் வார மணி நேரத்தைக் கூட்டுங்கள். மாலையில் வரும் நால்வருக்கு 100, சனி ஞாயிறு மூவருக்கு 42, மற்ற இருவருக்கு 24, ஆக 166. உங்கள் கடையின் முழு நேர வாரம் 45 மணி நேரம். 166ஐ 45ஆல் வகுத்தால் 3.69. முழு நேர ஊழியர் ஒவ்வொருவரும் 1. எல்லாம் சேர்த்து 11.69. மனிதவளத் துறையினர் எஃப்.டி.இ. என்று சொல்லும் முழுநேரச் சமானம் இதுதான். உங்கள் 17 பேர் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குச் சமம்.

இரண்டு பகுதி நேரம் ஒரு முழு நேரமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மாலையில் வரும் இருவர் சேர்ந்தால் 1.11. சனி ஞாயிறு இருவர் 0.62. 12 மணி நேரத்தார் இருவர் 0.53. ‘இருவருக்கு ஒருவர்’ என்ற வாய்பாடு இந்தக் கடையில் எந்த ஜோடிக்கும் பொருந்தவில்லை. எந்தக் கடையிலும் அதை நம்ப வேண்டாம் என்பேன்.

வகுக்கும் எண்ணில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் எக்செல் படிவங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்று வைத்திருக்கும். அது வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் அமெரிக்க அலுவலகத்தின் கணக்கு. உங்கள் கடைக்கு 52 வாரம் பெருக்கல் 45, அதாவது 2,340. இன்னொரு பக்கம், பழைய படிவத்தையே ஆண்டாண்டாக நகலெடுத்து வருபவர்களின் கோப்பில் இன்னும் 48 உட்கார்ந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தபோது வார உச்சம் 48 மணி நேரத்திலிருந்து 45 ஆகக் குறைந்தது. உங்கள் பகுதி நேர மணிகளை 40ஆல் வகுத்தால் 4.15, 48ஆல் வகுத்தால் 3.46. ஒரே ஆட்கள்தான், காகிதத்தில் முக்கால் ஆள் அளவுக்குக் கூடிக் குறைகிறார்கள். கிளைகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே எண்ணால் வகுக்கப்பட்டனவா என்று பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

அந்தச் சட்டத் திருத்தத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் எட்டுப் பேரும் அதற்குமுன் 48 மணி நேரம் வேலை செய்து கொண்டிருந்திருந்தால், வாரத்துக்கு 24 மணி நேரம் கடையிலிருந்து போய்விட்டது. அது பாதி ஆளுக்கும் மேல். யாரும் வேலையை விடவில்லை, பெயர்ப்பட்டியலில் ஒரு பெயரும் குறையவில்லை. “முன்பு இதே ஆட்களை வைத்துத்தானே சமாளித்தோம்” என்று முதலாளி சொன்னால் இந்த எண்ணை அவர் முன் வையுங்கள்.

பகுதி நேரம் என்றால் யார் என்பதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. 2010ஆம் ஆண்டுப் பகுதி நேர ஊழியர் விதிமுறைகளின்படி, அதே நிறுவனத்தில் அதே மாதிரி வேலை செய்யும் முழு நேர ஊழியரின் மணி நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் சராசரியாக வேலை செய்பவரே பகுதி நேர ஊழியர். உங்கள் கடையில் அது வாரம் 13.5 மணி நேரத்துக்கு மேல், 31.5 மணி நேரம் வரை. சனி ஞாயிறு மூவரும் 14 மணி நேரம். அரை மணி நேர வித்தியாசத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, குறைந்தது 7 பொது விடுமுறை எல்லாம் அவர்களுக்கு உண்டு. 12 மணி நேர இருவரும் கோட்டுக்கு அந்தப் பக்கம். 31.5ஐத் தாண்டுபவரை நீங்கள் எந்தப் பெயரில் அழைத்தாலும் அவருக்கு முழு நேர ஊழியரின் உரிமைகள் வந்துவிடும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கீழே பணம் மிச்சப்படுத்த உதவும்.

இப்போது 11.69க்கு வருவோம். இதுவும் சம்பளம் கொடுக்கும் மணி நேரம்தான். கடையில் நிற்கும் மணி நேரம் ஆகாது. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வேலை செய்த முழு நேர ஊழியருக்கு ஆண்டு விடுப்பு 12 நாள், பொது விடுமுறை 11 நாள். உடம்பு சரியில்லாமல் போகும் நாளை ஐந்து என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பதிவேட்டில் உண்மையான எண் இருக்கும், அதைப் போடுங்கள். மொத்தம் 28 நாள், அதாவது 210 மணி நேரம். 2,340இல் 2,130 மிஞ்சுகிறது: 91 விழுக்காடு. பொது விடுமுறை நாளில் கடை திறந்து வேலை வாங்கினால் அந்த மணி நேரம் திரும்பி வரும். ஆனால் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி கொடுத்து வாங்குகிறீர்கள்.

ஆக, எட்டு முழு நேர ஊழியர்களின் வாரம் 360 மணி நேரமாகத் தெரிந்தாலும் கடைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 328. பகுதி நேரத்தினருக்கு 5 விழுக்காடு கழித்தால் 158. (மாணவர்கள் என்றால் தேர்வு வாரங்களில் இந்த 5 விழுக்காடு வெறும் கனவு.) மொத்தம் ஏறக்குறைய 485 மணி நேரம். கடை வாரத்தில் 77 மணி நேரம் திறந்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: 6.3.

முதலாளியிடம் சொல்ல வேண்டிய எண் இது. 17 பெயர், ஏறக்குறைய 12 முழுநேரச் சமானம், சராசரியாக எந்த நேரத்திலும் கடையில் நிற்பவர்கள் ஆறு பேருக்குச் சற்று மேல். மூன்றும் ஒரே கடையின் உண்மையான எண்கள். முதலாவது படிவத்துக்கு, இரண்டாவது சம்பள பட்ஜெட்டுக்கும் கிளைகளை ஒப்பிடுவதற்கும், மூன்றாவது வாடிக்கையாளருக்கு. ஒன்றுக்கான கேள்விக்கு இன்னொன்றை விடையாகக் கொடுப்பதில்தான் உங்களுக்கும் முதலாளிக்கும் இடையே சண்டையே தொடங்குகிறது.

கல்லாவையும் இதே முறையில் பாருங்கள். ஒரு கல்லா, அதற்கு ஒரு கேஷியர் என்பது பல முதலாளிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. கல்லா 77 மணி நேரம் திறந்திருக்க வேண்டும்; ஒரு முழு நேர ஊழியர் தருவது 45இன் 91 விழுக்காடு, அதாவது 41 மணி நேரம். ஒரு கல்லாவுக்கு 1.88 ஆள். இரண்டாவது கல்லாவை வார இறுதியில் மட்டும் திறந்தாலும் மூன்றாவதாக ஒருவருக்குக் கல்லா வேலை தெரிந்திருந்தாக வேண்டும்.

சராசரி 6.3 என்பதால் எல்லா நேரமும் ஆறு பேர் நிற்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. சதுரக் கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுங்கள். மேலே ஏழு நாள், பக்கத்தில் பதினொரு மணி நேரம், 77 கட்டங்கள். போன நான்கு வாரப் பஞ்ச் கார்டைப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் சராசரியாக எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதுங்கள். பணி அட்டவணையைப் பார்த்து எழுதாதீர்கள். அது நீங்கள் விரும்பியது, பஞ்ச் கார்டு நடந்தது. பிறகு அதே கட்டத்தில் கல்லா இயந்திரத்திலிருந்து அந்த மணி நேரத்தின் ரசீது எண்ணிக்கையை வேறு நிறத்தில் எழுதுங்கள். செவ்வாய் காலை பதினொரு மணிக் கட்டத்தில் ஆறு பேரும் நான்கு ரசீதும், சனி மாலை ஆறு மணிக் கட்டத்தில் எட்டுப் பேரும் ஐம்பது ரசீதும் இருந்தால், ஆள் பற்றாக்குறை எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ரசீதை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவீர்கள். துண்டும் கைக்குட்டையும் வாங்குபவர் ஐந்து நிமிடத்தில் ஒரு ரசீது. கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பம் பாட்டி முதல் பேத்தி வரை ஆறு பேராக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பார்த்து, ஒரு ரசீது. அவர்கள் எழுந்து போன பிறகு மேசையில் இருபது புடவைகள் பிரிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் ஜரிகை மடங்காமல் பழைய மடிப்பிலேயே மடித்து, அட்டை வைத்து, நிறவாரியாக அடுக்க வேண்டும். அதற்கு ரசீதே கிடையாது. அவர்கள் ஒன்றும் வாங்காமல் போயிருந்தாலும் மடிப்பு வேலை அதேதான். ஆகவே பட்டு, ரெடிமேட், மீட்டர் துணி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று ஒரு சனிக்கிழமை பக்கத்தில் நின்று பாருங்கள். துல்லியம் தேவையில்லை. ஐந்து, இருபது, அறுபது என்ற அளவில் தெரிந்தாலே போதும்.

கட்டத்தை நிரப்பியதும் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எட்டுப் பேரின் ஓய்வு நாள் ஏழு நாளிலும் பரவியிருந்தால் எந்த நாளும் கடையில் சராசரியாக ஏழுக்குக் குறைவானவர்களே இருப்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு இருவராக ஓய்வு கொடுத்தால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எட்டுப் பேரும் வருவார்கள். மணி நேரமும் அதே, சம்பளமும் அதே. ஓய்வு நாள் மாறிமாறி வருமானால் மாதம் தொடங்கும் முன்பே அட்டவணையைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைத் தவறாமல் செய்யுங்கள். ஊழியர்களுக்கும் கல்யாண விருந்து, காது குத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது முறை வைத்து விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அந்த நாள் மருத்துவ விடுப்பாக வந்து நிற்கும்.

வார இறுதியில் எட்டுப் பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். மூவர் 10 முதல் 6 வரை, ஐவர் 1 முதல் 9 வரை என்றால் பிற்பகல் முழுவதும் எட்டுப் பேரும் இருப்பார்கள், இரவிலும் ஐவர் மிஞ்சுவார்கள். இடையே தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிற்கவிடாமல் அரை மணி நேர இடைவேளை தர வேண்டும். அந்த அரை மணி 45இல் சேராது.

ஓவர்டைமை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? தனிப் பத்தியில். வாரம் 50 மணி நேரம் நிற்பவரை 1.11 ஆள் என்று எழுதினால், கடையில் ஆள் போதும் என்று காகிதம் சொல்லும். அந்த ஆளோ களைத்துப்போய் வேலையை விட்டுவிடுவார். ஓவர்டைம் மணிகளைக் கூட்டி 45ஆல் வகுத்தால் எத்தனை ஆள் குறைவாக வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். எட்டுப் பேரும் வாரம் ஐந்து மணி நேரம் கூடுதலாக நின்றால் 40 மணி நேரம், அதாவது 0.89 ஆள். மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. ஆகவே 40 மணி நேரத்துக்கு 60 மணி நேரக் கூலி கொடுக்கிறீர்கள். ஓவர்டைமுக்குச் சேமநிதி கட்ட வேண்டியதில்லை, பெர்கேசோவுக்கு உண்டு. அதே சம்பள விகிதத்தில் புதிய முழு நேர ஊழியர் ஒருவருக்கு 45 மணி நேரக் கூலியும் அதன்மேல் முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடும் சேர்த்தால் ஏறக்குறைய 51 மணி நேரக் கூலி. கடைக்குக் கிடைப்பது 41 மணி நேரம். ஆண்டு முழுவதும் ஓவர்டைம் இந்த அளவில் ஓடினால் ஆள் எடுப்பதே லாபம். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும் என்றால் ஓவர்டைமே மேல். ஆனாலும் ஒருவருக்கு மாதம் 104 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

ஓவர்டைமைத் தொடும் முன் பகுதி நேரத்தினரைப் பாருங்கள். பகுதி நேர ஊழியர் தம் வழக்கமான நேரத்தைத் தாண்டி, முழு நேர ஊழியரின் நேரம் வரை வேலை செய்தால் சாதாரண மணிக்கூலி போதும். அதையும் தாண்டினால்தான் ஒன்றரை மடங்கு. மாலையில் வரும் நால்வரும் 25 மணி நேரத்தில் இருக்கிறார்கள். 31.5 வரை ஆளுக்கு ஆறரை மணி நேரம் இடம் இருக்கிறது, நால்வருக்கும் 26. மாதம் 1,700 ரிங்கிட் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தின்படி மணிக்கூலி 8.72 ரிங்கிட். அந்த 26 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 227 ரிங்கிட். அதையே முழு நேரத்தாரின் ஓவர்டைமாக வாங்கினால் 340. முதலில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். சராசரி 31.5ஐத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி நேரம் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள்: கல்லாவில் உட்காரத் தெரியுமா, துணி அளந்து வெட்டத் தெரியுமா, இரவு கணக்கு முடித்துக் கடையைப் பூட்டத் தெரியுமா. சனி இரவு எட்டு மணிக் கட்டத்தில் ஒன்பது பேர் இருந்து, கல்லா தெரிந்தவர் ஒருவரே என்றால் அந்தக் கட்டத்தின் பலம் ஒருவர்தான். வரிசை நிற்பதன் காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். புதியவரை முதல் மாதம் திட்டத்துக்காகப் பாதி ஆளாக எண்ணலாம். சம்பளத்தில் அந்தப் பாதியைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

வயதையும் பாருங்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு வேலை கேட்டு வருபவர்களில் பலருக்கு 17 வயதுதான். 18 வயது நிறையாதவர்களை இரவு 8 மணிக்கு மேல் கடை வேலையில் வைக்கக் கூடாது, நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. கடைசி ஒரு மணி நேரத்தின் கட்டத்தில் அவர்கள் பூஜ்யம்.

தீபாவளிக்கு ஆறு பேரை எட்டு வாரம் முழு நேரமாக எடுத்தால் ஆண்டுக் கணக்கில் அவர்கள் அறுவரும் 0.92 மட்டுமே. ஆண்டு பட்ஜெட்டுக்கு அது சரி. அந்த எட்டு வாரத்துக்கு வேறொரு கட்டத் தாள் போடுங்கள். இரண்டையும் சராசரியாக்கினால் இரண்டும் பயனற்றுப் போகும்.

அடுத்து யாரை எடுப்பது? உங்கள் பிரச்சினை வெள்ளி மாலையும் சனி ஞாயிறும். முழு நேர ஊழியர் ஒருவரை எடுத்தால் அவர் தரும் 45 மணி நேரத்தில் அந்த மூன்று நாளில் விழுவது 22.5 மட்டுமே. வெள்ளி மாலை நான்கு மணி நேரம், சனி ஞாயிறு ஏழு மணி நேரம் வீதம் 18 மணி நேரத்துக்கு ஒருவர் என்று இருவரை எடுங்கள். 36 மணி நேரம், 0.8 ஆள், எல்லாமே வரிசை நிற்கும் கட்டங்களில். இருவரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்கட்டும், இருவருக்கும் கல்லா கற்றுக்கொடுங்கள். பயிற்சியைச் செவ்வாய் காலையில் வைத்தால் சொல்லித் தர ஆள் சும்மா நிற்பார். அந்த மணி நேரத்துக்கும் கூலி உண்டு. அதையும் தாளில் சேர்த்துவிட்டு முதலாளியிடம் போங்கள்.